யன்னலைத் திறந்த கை

பனியெல்லாம் உருகிப் பாதை தெளிந்திருக்கும் இந்த மே மாதத்து ஞாயிற்றுப் பகலில், பார்க் எக்ஸ்டென்ஷனின் இந்தப் பழைய மண்டபத்தில், பட்டு விரித்த மேசைக்குப் பின்னால் பதவியின் பாரம் தாங்காமல் சற்றே சாய்ந்து வீற்றிருக்கும் எங்கள் மன்றத்தின் பதினோராண்டுத் தலைவர் பேரின்பநாதன் அவர்களே. கணினித் துறையில் கரைகண்டு, கைக்கடிகாரத்தில் கண்வைத்து, பேச வருகிற ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் அளந்து கொடுக்கும் உபதலைவர் முத்துசாமி அவர்களே. முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் முதுபெரும் பெரியோரே. கீழே குசினியில் வெந்து, இப்போதுதான் முந்தானையால் முகம் துடைத்துப் பின்வரிசையில் வந்தமர்ந்த தாய்மாரே. லாசாலிலிருந்து பேருந்து மாறி, மெட்ரோ மாறி வந்துசேர்ந்த தோழியரே. தமிழ் விழா என்று தூக்கி வரப்பட்டு, கதிரைகளுக்கடியில் பிரெஞ்சு மொழியில் சண்டை பிடிக்கும் செல்வங்களே. தன் தோளில் விழப்போகும் பொன்னாடையிலிருந்து தப்ப வழி தேடிக்கொண்டிருக்கும் இன்றைய நாயகி, கலாநிதி வினோஜா அவர்களே: உங்கள் செயலாளர் இந்திராதேவி, எழுந்து நின்று, இரு கையும் குவித்து வணங்குகிறேன்.

வினோஜாவுக்குப் பாராட்டுரை வழங்கும்படி மன்றம் என்னைப் பணித்திருக்கிறது. பத்து நிமிடம் தந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் முடியாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், முத்துசாமி தம்பி. சீட்டு எழுதிக் கைநோக வேண்டாம்.

பாராட்டுவதற்கு முன் பழைய கதையைக் கொஞ்சம் கிளறுவோமா? ஆறு ஆண்டுக்கு முன் இந்தப் பெண் பல்கலைக்கழகத்தில் துருக்கி மொழியின் வினைச்சொற்களை ஆராயப் போகிறேன் என்று சொன்ன நாளில், இந்த மண்டபம் என்ன சொன்னது? மறந்துவிட்டதா? எனக்கு மறக்கவில்லை. நான் செயலாளர், எழுதி வைக்கிறவள்.

"துருக்கியோ? அதென்னத்துக்குப் பிள்ளை?" என்றார் ஒரு பெரியவர். பெயர் சொல்ல மாட்டேன். முன்வரிசையில் மூன்றாம் கதிரை. "துருக்கிக்காரனே தன்ர வினைச்சொல்லைப் பற்றிக் கவலைப்படேல்லை, இவளுக்கென்ன வந்தது?" என்றார் இன்னொருவர். வினோஜாவின் தாய் ஞானாம்பிகையை மெட்ரோ வாசலில் மறித்து, "நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசேக்க பிள்ளை என்ன படிச்சதெண்டு சொல்லுறது?" என்று கேட்ட பெருமாட்டியும் இங்கே இருக்கிறார். இன்று அவர்தான் ஆரத்தித் தட்டு ஏந்தி வந்தவர். தட்டு அழகாக இருந்தது, அக்கா.

ஏளனம் செய்த நாவெல்லாம் இன்று ஏற்றிப் பாடுகிறது. எட்டி நின்ற காலெல்லாம் இன்று மேடையேறப் போட்டி போடுகிறது. படித்தபோது பைத்தியம், பட்டம் வந்தபோது பெருமை. மூத்த மொழி எங்கள் மொழி, முதல் மொழி எங்கள் மொழி என்று முழங்கிவிட்டு, பக்கத்து வீட்டு மொழியை எட்டிப் பார்த்த ஒரே ஒரு பிள்ளையைப் பரிகசித்தோமே, எங்களைவிடப் பெரிய பண்டிதர்கள் எந்த நாட்டில் இருப்பார்கள்?

சரி. அவள் என்ன படித்தாள் என்பதாவது உங்களில் யாருக்காவது தெரியுமா? கை உயர்த்துங்கள் பார்ப்போம். ஒன்றுமில்லை. முத்துசாமி தம்பி பாதிக் கையை உயர்த்தி, பேந்து தலையைச் சொறிந்துகொண்டார். தெரியாத ஒன்றுக்குத்தான் பொன்னாடை வாங்கியிருக்கிறோம்.

சொல்கிறேன், கேளுங்கள். மூன்று நாள் அவளுடைய ஆய்வேட்டை வைத்துக்கொண்டு இருந்து படித்தேன். முக்கால்வாசி விளங்கவில்லை. விளங்கிய கால்வாசி என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

இந்த மண்டபத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை இருக்கிறது. துடைப்பமும் வாளியும் ஒரு மின்கேத்திலும் இருக்கிற அறை. அங்கே ஒன்பது ஆண்டு இருந்தவர் ஒஸ்மான். இந்தக் கட்டடத்தின் காவலாளி. துருக்கியில் கைசேரி என்ற ஊரில் தையற்காரராக இருந்து இங்கே வந்தவர். சனிக்கிழமைகளில் நாங்கள் மேலே ஒத்திகை என்ற பெயரில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தபோது, வினோஜா அந்தப் படிக்கட்டில் கொப்பியோடு இருந்து அவரிடம் வாக்கியம் கேட்டாள். அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்து வாக்கியம் சொன்னார். அவளுடைய ஆய்வேட்டில் உள்ள வாக்கியங்களில் பாதிக்கு மேல் அந்தப் படிக்கட்டில் பிறந்தவை.

துருக்கி மொழியில் ஒரு வினைச்சொல் உண்டாம், கையால் பற்றிப் பிடிப்பதற்கு. குழந்தையின் கையைப் பிடித்தேன் என்பதற்கும் அதே சொல். பாலில் உறை ஊற்றி வைத்தால் காலையில் தயிர் தோய்ந்திருக்கிறதே, அதற்கும் அதே சொல்: தயிர் பிடித்தது. கயிற்றை இழுப்பதற்கு ஒரு சொல். நனைந்த துணி காய்ந்து சுருங்கினாலும் அதே சொல்: துணி இழுத்தது. தையற்காரர் அல்லவா, அதை அவர் சொன்னபோது தன் சட்டைக் கையை இழுத்துக் காட்டினாராம். கல்லை எறிவதற்கு ஒரு சொல். சாயம் வெளிறினாலும் அதே சொல்: நிறம் எறிந்தது. ஆளை அடிப்பதற்கு ஒரு சொல். புதுச் சப்பாத்து குதிக்காலைப் புண்ணாக்கினாலும் அதே சொல்: சப்பாத்து அடித்தது.

என்ன சிரிப்பு? எங்களுக்குச் சப்பாத்து கடிக்கவில்லையா? நாயும் கடிக்கிறது, செருப்பும் கடிக்கிறது. அவன் அவளை அடித்தான், வெயில் அடித்தது. கல்லை எடுத்தான், பசி எடுத்தது. கள்ளனைப் பிடித்தார்கள், சோறு அடிப்பிடித்தது. துருக்கிக்காரரைப் பார்த்துச் சிரிக்கிற வாயால் தினமும் நாங்களும் அதையே பேசுகிறோம். ஆனால் எங்களில் ஒருவருக்கும் இது கண்ணில் படவில்லை, அவளுக்குப் பட்டது.

அவள் ஆராய்ந்தது இதைத்தான். ஒரே வினை, ஓரிடத்தில் செயல், இன்னோரிடத்தில் நிகழ்வு. செயல் என்றால் அதற்கு ஒரு கை உண்டு. யாரோ செய்கிறார், செய்ய நினைத்துச் செய்கிறார். நிகழ்வு என்றால் கை இல்லை. தயிர் தானாகத் தோய்கிறது, துணி தானாகச் சுருங்குகிறது. எங்கே அந்தக் கை மறைகிறது, எப்படி மறைகிறது, மறைந்த கையை வாக்கியத்தின் எந்த மூலையில் தேடலாம்: இதுதான் முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கம். தயிருக்குக் கை இல்லை என்பதில் குற்றமில்லை. அது இயற்கை. ஆனால் கை இருந்த இடத்தில் கையை ஒளிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி அவள் எழுதவில்லை. அவள் மரியாதையான பிள்ளை. அதை நான் பேசுகிறேன்.

கையை ஒளிப்பதில் கைதேர்ந்தவர்கள் யார்? துருக்கியரா? பிரெஞ்சுக்காரரா? இல்லை, பெரியோர்களே. எங்கள் மன்றம்.

என் கையில் இருப்பது மன்றத்தின் கூட்டக் குறிப்பேடு. பதினோராண்டாக நானே எழுதியது. சில வரிகளை வாசிக்கிறேன். "ஆண்டுவிழா ஒன்றரை மணித்தியாலம் தாமதமாக ஆரம்பமாகியது." தானாக ஆரம்பமாகியது. "நாடகத்தின்போது ஒலிவாங்கி செயலிழந்தது." அதன் வயரில் யாரும் தடுக்கி விழவில்லை. "உறுப்பினரிடையே கருத்து வேறுபாடு ஏற்பட்டது." ஏற்பட்டது என்றால், ஒருவர் முகத்தில் ஒருவர் தேநீர் ஊற்றியது. "வடை தீர்ந்துபோயிற்று." எப்படித் தீர்ந்தது, யாருடைய கைப்பையில் தீர்ந்தது? "தலைவராகப் பேரின்பநாதன் அவர்கள் மீண்டும் தெரிவானார்." யாரும் தெரிவு செய்யவில்லை, அவர் தெரிவானார், பருவம் வந்து பழம் பழுத்ததுபோல.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். தலைவரும் சிரிக்கிறார், நல்லது. இந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

என்ன தம்பி? "மேடம், டைம் ஆச்சு." தெரியும் தம்பி. நேரம் ஆகிறது. நேரத்துக்கும் கை இல்லை. ஆனால் அந்தச் சீட்டை என் முன்னால் வைத்தது உங்கள் கை. பார்த்தேன். அப்படியே வைத்துவிட்டு இருங்கள்.

தை மாதத்துக்கு வருவோம். கடந்த தைப்பொங்கல் விழா. எல்லோரும் வந்திருந்தீர்கள், எல்லோரும் சாப்பிட்டீர்கள். அன்று கீழே குசினியில் நடந்ததும் உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். தெரியாத பாதிக்காகச் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுக்கு முன் இதே விழாவில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த புகையில் தீ எச்சரிக்கை மணி அலறியது. இருநூறு பேர், பட்டுச் சேலையும் வேட்டியுமாக, முழங்கால் பனியில் தெருவில் நின்றோம். தீயணைப்பு வீரர்கள் கோடரியோடு குசினிக்குள் பாய்ந்து ஒரு தாச்சிச் சட்டியைக் கைதுசெய்தார்கள். அன்றிலிருந்து நாங்கள் ஒரு வழக்கம் கண்டுபிடித்தோம். உலகத்தில் வேறெந்த இனத்துக்கும் வராத யோசனை. தாளிக்கத் தொடங்குமுன் நிலவறை யன்னலைத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் தேங்காய்த் திருவலையை முட்டுக் கொடுப்பது. வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபத்தெட்டுப் பாகைக்குப் போனாலென்ன, கடுகு வெடிக்க வேண்டும், மணி அடிக்கக் கூடாது.

ஒஸ்மானுக்கு இந்த வழக்கம் தெரியும். ஒவ்வொரு விழா முடிந்தும் அவர் கீழே இறங்கி, திருவலையை எடுத்துக் கழுவி அலுமாரியில் வைத்து, யன்னலைப் பூட்டிவிட்டுத்தான் போவார். ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அந்த யன்னலுக்குப் பக்கத்தில்தான் தண்ணீர்க் குழாய் போகிறது.

அன்று அவருக்குக் காய்ச்சல். இருமிக்கொண்டு நின்றார். எங்கள் தலைவர் அன்போடு அவர் தோளில் தட்டினார். "நீர் வீட்டை போம் ஒஸ்மான், நாங்கள் பூட்டுறம்" என்று தன் பிரெஞ்சில் சொல்லி, சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். நல்ல மனுசன் என்று அப்போது மனதுக்குள் சொன்னேன். பேந்து படம் எடுத்தோம், பாயசம் குடித்தோம், பாத்திரம் ஏற்றினோம், முன்வாசலைப் பூட்டிவிட்டுப் போனோம். ஒருவரும் கீழே இறங்கிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை குழாய் உறைந்து வெடித்திருந்தது. நிலவறை முழங்கால் தண்ணீர். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் குழந்தைகள் காப்பகம், எங்கள் பேரப்பிள்ளைகள் போகிற கார்தெரி, மூன்று கிழமை பூட்டிக் கிடந்தது.

அந்தத் தண்ணீருக்குள் முதலில் இறங்கியவர் ஒஸ்மான், காய்ச்சலோடு. அவர் கண்டது என்ன? திறந்த யன்னல். யன்னலில் பனி பிடித்த திருவலை. கட்டடச் சொந்தக்காரர் வருமுன் அவர் என்ன செய்தார் தெரியுமா? அதை எடுத்து, துடைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றி, அன்று பின்னேரம் என் வீட்டின் பனி மூடிய வெளிப்படியில் மூன்று மாடி ஏறி வந்து என் கையில் கொடுத்தார். "உங்கள் சமையலுக்கு வேண்டும் மதாம்" என்றார். கட்டடக்காரர் கேட்டபோது, "யன்னல் திறந்தபடி இருந்துவிட்டது" என்று மட்டும் சொல்லியிருந்தார். அவரும் கையை மறைத்தார், பெரியோர்களே. ஆனால் மறைத்தது எங்கள் கையை.

நான் என்ன செய்தேன்? "மெர்சி" என்றேன். கதவைச் சாத்தினேன். இரண்டு நாள் கழித்து, செயற்குழு கேட்டதற்கிணங்க, கட்டடக்காரருக்குக் கடிதம் எழுதினேன். இருபது ஆண்டு இந்த நாட்டில் இருந்து நான் கற்ற பிரெஞ்சு முழுவதையும் அதில் கொட்டினேன். சொல்கிறேன், கேளுங்கள். "விழா மாலை ஐந்து மணிக்கு நிறைவுற்றது. நிலவறை யன்னல் திறந்திருந்ததாக அறியக் கிடைக்கிறது. குளிர் கடுமையாக இருந்தது. குழாய் வெடித்தது. நீர் பரவியது. கட்டடத்தின் பூட்டுதிறப்புப் பொறுப்பு காவலாளியைச் சார்ந்தது."

இதில் எது பொய்? ஒன்றும் பொய்யில்லை. யன்னல் திறந்துதான் இருந்தது. குழாய் வெடித்துத்தான் இருந்தது. எழுத்துக்கு எழுத்து உண்மை. செயற்குழு வாசித்துவிட்டு, "இந்திரா, உம்மட வசனநடை பிரமாதம்" என்றது. நான் மகிழ்ந்தேன். அந்தப் பிரமாதமான வசனநடை போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள் ஒஸ்மானை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நிறுத்தப்பட்டார் இல்லை. நிறுத்தினார்கள், நிறுத்தும்படி எழுதிக் கொடுத்தவள் நான். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கவனயீனம் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிய ஒருவரை எந்தக் கட்டடம் காவலுக்கு வைக்கும்? நான்கு மாதமாக அவர் ஒரு பழக்கிடங்கில் நின்று தோடம்பழப் பெட்டி தூக்குகிறார்.

வடைக்குச் சிரித்தவர்கள் எங்கே?

இன்றைய விழாவுக்கு இருநூற்றிருபது அழைப்பிதழ் அனுப்பினோம். அஹுன்ட்சிக்கில் ஒரு தடவை மட்டும் கண்ட பல்வைத்தியருக்கும் அனுப்பினோம். அவளுடைய ஆய்வுக்கு வாக்கியம் தந்த மனிதருக்கு அனுப்பினோமா? "அது சரிவராது" என்றது செயற்குழு. சரிவராது. அதற்கும் கையில்லை, பாருங்கள்.

மூன்று கிழமைக்கு முன் வினோஜா என் வீட்டுக்கு வந்தாள். பொன்னாடை வேண்டாம் என்று சொல்ல வந்தாள் என்று நினைத்தேன். கட்டடக்காரர் சான்றாகக் கொடுத்த ஒரு கடிதத்தை ஒஸ்மான் அவளிடம் கொண்டுவந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, நீ வினைச்சொல் படித்தவள்தானே, விளக்கு" என்று கேட்டாராம். என் கடிதம். அவள் அதை என் மேசையில் வைத்தாள். ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் அடியில் பென்சிலால் ஒரு கோடு.

"அன்ரி, இந்தக் கடிதத்தில ஒருத்தருக்கும் கை இல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு முடிவைச் சொல்வதுபோலச் சொன்னாள். என்னைப் பெற்றவர் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திராது. தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய் நின்று அழுதேன். வெட்கத்தில் அழுதேன். இந்த வயதில், இவ்வளவு பேர் முன்னால், அதை மறைக்க எனக்கு இன்னொரு வசனநடை வேண்டாம்.

வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலையை விட்டு நிறுத்தியதற்கு எதிரான ஒஸ்மானின் முறைப்பாட்டைத் தொழில் நீதிமன்றத்தில் விசாரிக்கிறார்கள். அவர் தரப்பில் சொல்ல ஒருவரும் இல்லை. அவர் எங்களைக் கூப்பிடவும் இல்லை. கட்டடக்காரர் தரப்பில் இருக்கும் முதல் சான்று, இந்த மன்றத்தின் முத்திரை குத்திய என் கடிதம். அது அங்கே தனியாக நின்றால் அவருக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்காது. அதனால் நான் இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறேன். இதோ. இது அலங்காரம் இல்லாத கடிதம்.

"ஒஸ்மானிடம் சாவியை வாங்கி, பூட்டுவோம் என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பியவர்" என்று எழுதி ஒரு கோடு விட்டிருக்கிறேன். "யன்னலைத் திறந்து முட்டுக் கொடுத்து, பேந்து மூடாமல் போனவர்" என்று எழுதி இன்னொரு கோடு விட்டிருக்கிறேன். "இவையெல்லாம் தெரிந்திருந்தும் முதற் கடிதத்தை எழுதியவர்" என்ற இடத்தில் கோடு இல்லை. இந்திராதேவி என்ற பெயர் இருக்கிறது. அதன்கீழ் நேற்றே ஒப்பமிட்டுவிட்டேன்.

மற்ற இரண்டு பெயரும் எனக்குத் தெரியாதா? தெரியும். குசினியில் நின்ற ஆறு பேருக்கும் தெரியும். நானே நிரப்பியிருக்கலாம். நிரப்பினால் அது என் கை எழுதியதாகத்தான் இருக்கும். இந்தப் பெயர்கள் அவரவர் கையால் வர வேண்டும்.

என்ன தலைவரே? எழும்பி நின்று சொல்லுங்கள், பின்வரிசைக்குக் கேட்கவில்லை. "இது செயற்குழுவில கதைச்சு முடிவெடுக்கப்பட வேண்டிய விசயம்." எடுக்கப்பட வேண்டிய. கேட்டீர்களா, வினோஜா? நீங்கள் துருக்கி மொழி வரை போனீர்கள். இந்த மேடையிலேயே கதிரை போட்டிருந்து எழுதியிருக்கலாம்.

முடிவெடுக்கப்படுமாம். எப்போது? அடுத்த மாதக் கூட்டத்தில். விசாரணை வியாழக்கிழமை. பதினோராண்டாக இந்த மன்றத்தில் விழா நடந்தது, கூட்டம் கூடியது, மாலை விழுந்தது, மரியாதை கிடைத்தது. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு மனிதருக்காக, ஒரே ஒரு வேலையை ஒருவர் செய்தார் என்று எழுத எனக்கு ஒரு சந்தர்ப்பம் தரமாட்டீர்களா? செம்மொழி என்று நெஞ்சு நிமிர்த்துகிறோம். அந்த மொழியில் "நான் செய்தேன்" என்ற இரண்டு சொல்லைச் சொல்ல எங்களுக்கு நாக்கு வரவில்லை என்றால், அந்த மொழியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்யப் போகிறோம்? மேடை போடவா? மாலை போடவா? இந்தப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமையில் இழுத்து வந்து இதையா காட்டப் போகிறோம்?

பொறுங்கள். பின்னால் யாரோ எழும்புகிறார்கள். போகிறவர்கள் போகலாம், கதவு திறந்துதான் இருக்கிறது.

அல்போன்சம்மா அக்காவா?

இருங்கோ அக்கா, ஏன் எழும்புறியள்? உங்களை ஒண்டும் கேக்கேல்லை. என்ன? சத்தமாச் சொல்லுங்கோ. பிள்ளைகளே, கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள்.

"நான்தான் பிள்ளை திறந்தனான். திருவலையும் என்ரதான். சாமான் ஏத்திற அவசரத்தில மறந்து போனன். அடுத்த நாளே சொல்லியிருக்க வேணும். பயந்து போனன். அந்த மனுசன் எனக்கு ஒவ்வொரு முறையும் அரிசி மூட்டை தூக்கித் தாறவர்."

கேட்டீர்களா, பெரியோர்களே? திறந்தனான். மறந்து போனன். பயந்து போனன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அல்போன்சம்மா அக்காவின் ஒவ்வொரு வாக்கியத்திலும் அவரே நிற்கிறார். நானும் செயற்குழுவும் நான்கு மாதம் கூடியிருந்து எழுத முடியாததை, ஒரு தாய், தாளித்த கை காயாமல் எழும்பி நின்று சொல்லிவிட்டார். கைதட்ட வேண்டாம். தயவுசெய்து கைதட்ட வேண்டாம். அவருக்கு வழி விடுங்கள், மேடைக்கு வரட்டும்.

வாங்கோ அக்கா. படி பார்த்து. இந்தக் கோட்டில. ஓம், தமிழிலேயே போடுங்கோ, வினோஜா பிரெஞ்சில எழுதித் தருவா. எழுத்துக் கோணினாப் பரவாயில்லை. என்ர ஒப்பமும் அப்படித்தான் கிடக்கு.

இப்போது நேரத்தை மதித்து முடிக்கிறேன், முத்துசாமி தம்பி. வினோஜா, உங்களைப் பாராட்டச் சொன்னார்கள். துருக்கி மொழியில் கையைத் தேடப்போய் எங்கள் கையைக் கண்டுபிடித்துக் கொடுத்தீர்கள். இதைவிட எனக்குப் பாராட்டத் தெரியவில்லை. உங்களைப் பரிகசித்தவர்களில் நானும் ஒருத்தி. மூன்றாம் கதிரைக்காரர் சத்தமாகச் சொன்னார், நான் மெதுவாகச் சிரித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் அல்போன்சம்மா அக்காவும் பார்க் மெட்ரோ வாசலில் நிற்போம். ஒஸ்மானுக்கு நாங்கள் வருவது தெரியாது. அவரிடம் சொல்ல வேண்டாம் என்று வினோஜாவைக் கேட்டுக்கொள்கிறேன். எங்களை வர வேண்டாம் என்று சொல்லக்கூடிய மனிதர் அவர்.

காலையில் வந்து கதிரை அடுக்கியவர்களுக்கும், கோலம் போட்டவர்களுக்கும், ஒலிவாங்கியைத் திருத்தியவருக்கும், கீழே சமைத்து, யன்னலையும் மறக்காமல் பூட்டிவிட்டு வந்த தாய்மாருக்கும், கேட்கப் பிடிக்காததைக் கடைசிவரை இருந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. கடிதத்தை இந்தப் பட்டு விரித்த மேசையில் வைக்கிறேன். அதில் இன்னும் ஒரு கோடு வெறுமையாக இருக்கிறது. சாவியை வாங்கியவர் பெயரை நான் அதில் எழுதவில்லை. சபையும் எழுத வேண்டாம்.

தலைவர் அவர்களே, பேனை உங்களுக்கு முன்னால் இருக்கிறது. வணக்கம்.